ஆரஞ்சுக் கயிறு

டெஸ்லி பாஸ்கோ காலை ஆறரை மணிக்குப் பிக்கப் வண்டியைக் கேட்டுக்கு முன்னால் நிறுத்தினாள். இறங்கிக் கயிற்றை அவிழ்த்தாள், கேட்டைத் திறந்தாள், ஏறி வண்டியை வெளியே எடுத்தாள், மறுபடி இறங்கிக் கேட்டைச் சாத்திக் கயிற்றைக் கட்டினாள். ஒரு கேட்டுக்கு இரண்டு தரம் ஏறி இறங்குவது தனி ஆளின் தலையெழுத்து. இரண்டு பேர் போனால் ஓட்டுகிறவர் இறங்க மாட்டார். பக்கத்து சீட்டில் இருப்பவர்தான் இறங்க வேண்டும். கேட்டைக் கண்டும் காணாத மாதிரி உட்கார்ந்திருக்கிற ஆளை முண்டூரா ஊர்ப் பக்கத்தில் யாரும் இரண்டாவது முறை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். டெஸ்லியின் பக்கத்து சீட்டு நாலு மாதமாகக் காலி.

சீட்டுக்கு உரியவன் வீட்டில்தான் இருந்தான். அவள் புருஷன் மெர்வின். சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஆறிப்போன டீயைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் சாயங்காலம் திரும்பும்போதும் அதே டீயாகத்தான் இருக்கும்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, கோர்டனுடைய லாரியில் மூன்று டிரெய்லர் கோத்துக்கொண்டு மெர்வின் மேற்கே போனான். வழியில் ஆட்புளூ விளக்கு எரிந்தது. டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றுகிற யூரியாத் தண்ணீர்தான் ஆட்புளூ. அதற்குத் தனி டாங்க், நீல மூடி. அது தீர்ந்தாலோ கெட்டாலோ லாரி முதலில் விளக்கைப் போட்டுக் கெஞ்சும், அப்புறம் இழுவையைக் குறைக்கும், நிறுத்தி மறுபடி கிளப்பினால் மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஓட மாட்டேன் என்று அடம்பிடிக்கும். சட்டம் அப்படி. அடுத்த கடை நூற்று நாற்பது கிலோமீட்டரில் இருக்கிற ஊர்களைப் பற்றி அந்தச் சட்டத்தை எழுதிய மகராசன் கேள்விப்பட்டதே இல்லை போலிருக்கிறது.

முந்தின வாரம் மழை பெய்து சாலை ஓரமெல்லாம் சேறு. ஐம்பது மீட்டர் நீள லாரியை அதில் இறக்கினால் கவிழ்ந்துவிடும். நிறுத்த இடம் ஆறு கிலோமீட்டர் தள்ளி. மெர்வின் எச்சரிக்கை விளக்கெல்லாம் போட்டு, ரேடியோவில் சொல்லிக்கொண்டே ஊர்ந்தான். மாலை ஐந்து மணி, வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிற நேரம். பின்னால் மாடு ஏற்றிக்கொண்டு வந்த நெவில் க்ரேன் கடைசி டிரெய்லரைப் பார்த்தபோது பிரேக் போடத் தூரம் இல்லை. நெவில் அங்கேயே செத்துப்போனான். மெர்வினுக்குக் காறையெலும்பு முறிந்தது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது, ஏன் விளக்கு எரிந்தது என்று தெரியாது என்றான் மெர்வின். வீட்டுக்கு வந்த மறுநாள் கேட்டபோது வேறு மாதிரி சொன்னான். நெடுஞ்சாலை ஓரத்துப் பங்கான ரோட்ஹவுஸில் ஆட்புளூ பம்புக்கு வரிசை நின்றது, பொறுமை இல்லை, குழாயில் தண்ணீர் பிடித்து டாங்கில் ஊற்றிவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தான். குற்றவாளியே ஒத்துக்கொண்ட பிறகு டாங்கை யார் திறந்து பார்ப்பார்கள்? லைசென்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். நாளை, வியாழக்கிழமை, விசாரணை. அதில் லைசென்ஸ் போனால் இந்த ஜென்மத்தில் அவன் லாரி ஓட்ட முடியாது.

டெஸ்லி அந்த வாக்குமூலத்தில் ஒரு வார்த்தையைக்கூட நம்பவில்லை. அன்றைக்குக் காலையில், வீட்டில் நின்ற லாரியின் டாங்கில் ஊற்றியவளே அவள். திங்கட்கிழமை ஒரு டப்பா ஊற்றுவது அவள் வேலை, டயர் பார்ப்பது அவன் வேலை. பத்து வருஷத்துப் பழக்கம். ஊற்றின டாங்கில் எவனாவது போய்த் தண்ணீர் பிடித்து ஊற்றுவானா? கேட்டால், "கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு" என்று மேசையைப் பார்த்துச் சொல்வான். அதற்கு மேல் வாயைத் திறக்க மாட்டான். அதிர்ச்சியில் உளறுகிறான், லாரியின் சென்சார்தான் கெட்டிருக்கும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். டெஸ்லி மெக்கானிக். சென்சார் கெட்டதைக் காட்டிவிட்டால் புருஷனுக்குப் பேரும் திரும்பும், லைசென்ஸும் திரும்பும்.

இதற்காக அவள் அழுது புரண்டாள் என்று நினைக்க வேண்டாம். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது நாலு மாதமும். தொட்டால் தன் கன்னம்தான் என்று தெரிகிறது, வலி மட்டும் வரவில்லை. சாப்பிட்டாள், வேலைக்குப் போனாள், நெவிலின் அடக்கத்துக்கும் போய்ப் பின்வரிசையில் நின்றாள். ஒன்றும் உறைக்கவில்லை.

கோர்டன் பட்டறை வாசலில் நின்றிருந்தான். லாரியும் அவனுடையது, பட்டறையும் அவனுடையது. போன வாரம்தான் போலீஸ் லாரியை விடுவித்துக் கொடுத்திருந்தது.

"சாயங்காலம் வரைக்கும் டைம், டெஸ். நீ எதக் கண்டுபிடிச்சாலும் ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போடுறேன். ஆனா ஒண்ணு கண்ணு..."

"என்ன?"

"அவனே ஒத்துக்கிட்டான். நீ எதுக்குப் போட்டு நோண்டுற?"

"சென்சார் பொய் சொல்லியிருக்கும் கோர்டன்."

"பொய் சொல்றதுக்கு மனுசன் இருக்கான். சென்சாருக்கு என்ன தலையெழுத்து?"

டெஸ்லி லாரிக்குள் ஏறினாள். மடிக்கணினியை லாரியில் மாட்டினாள். பழுதுப் பட்டியலில் முதல் வரியே அதுதான்: யூரியா அடர்த்தி குறைவு. சரி, சென்சார் அப்படிச் சொல்கிறது. அது சொல்வது நிஜமா என்பதுதான் கேள்வி.

புகைக்குழாயில் யூரியாவைப் பீச்சுகிற முனையைக் கழற்றிப் பார்த்தாள். உப்புப் பூத்து அடைத்திருக்கும் என்று ஓர் ஆசை. துடைத்து வைத்த மாதிரி இருந்தது. வயர்களை ஒவ்வொன்றாக அளந்தாள். எலி கடிக்கவில்லை, துரு இல்லை, ஒரு பின்கூட வளையவில்லை. இத்தனை வருஷத்தில் எத்தனை லாரியில் எத்தனை பாழாய்ப்போன வயரைப் பார்த்திருப்பாள்! வேண்டும் என்கிறபோது ஒன்றுகூடக் கெட்டிருக்கவில்லை.

அடுத்து, அடர்த்தி பார்க்கிற கண்ணாடிக் கருவி. கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தால் எண்மேல் கோடு விழும். கருவி சரியா என்று பார்க்க முதலில் சுத்தமான தண்ணீர் வேண்டும். பெஞ்சுக்கு அடியில் கோர்டனின் தண்ணீர் டப்பா இருந்தது. ஆட்புளூ வருகிற இருபது லிட்டர் வெள்ளை டப்பாதான். காலியானால் இந்தப் பக்கத்தில் யாரும் அதை எறிவதில்லை. கழுவி மழைத்தண்ணீர் பிடித்து வைப்பார்கள், குடிக்க, நாய்க்கு, ரேடியேட்டருக்கு. எது தண்ணீர் எது யூரியா என்று தெரிவதற்கு வீட்டுக்கு வீடு ஓர் அடையாளம் உண்டு. கோர்டன் கறுப்புப் பெயின்ட் அடிப்பான். பாஸ்கோ வீட்டில் தண்ணீர் டப்பாவின் கைப்பிடியில் ஆரஞ்சுக் கயிறு கட்டுவார்கள். உள்ளே இருப்பது யூரியாவோ தண்ணீரோ, இரண்டும் நிறமில்லாமல் ஒரே மாதிரிதான் இருக்கும்.

தண்ணீருக்குக் கோடு பூஜ்யத்தில் நின்றது. புது ஆட்புளூவுக்கு முப்பத்திரண்டரை, இருக்க வேண்டிய கணக்கு. கருவி யோக்கியம். லாரி டாங்கிலிருந்து ஒரு சொட்டு எடுத்து விட்டாள். பத்தொன்பது.

துடைத்துவிட்டு மறுபடி விட்டாள். பத்தொன்பது. மடிக்கணினியில் சென்சார் என்ன சொல்கிறது என்று பார்த்தாள். அதுவும் பத்தொன்பது.

டாங்கிலிருந்ததைத் தனியாக வடித்து வைத்துவிட்டு, கழுவி, புது ஆட்புளூ ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் திரையில் முப்பத்திரண்டு வந்தது. சென்சார் நாலு மாதமாக உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

"என்னாச்சு?" கோர்டன் சாண்ட்விச்சோடு வந்தான்.

"தண்ணி கலந்திருக்கு."

"அதத்தான அவன் சொன்னான்."

"ஆமா."

சாண்ட்விச்சை வாங்கிப் பெஞ்சில் வைத்தாள். அது அங்கேயே கிடந்தது. சும்மா இருக்கப் பிடிக்காமல்தான் கடைசிச் சோதனையைச் செய்தாள்; ரேடியேட்டர் தண்ணீரில் உப்பு பார்க்கிற காகிதப் பட்டையை எடுத்து, வடித்து வைத்ததில் முக்கினாள். மெர்வின் சொன்ன ரோட்ஹவுஸ் குழாயில் வருவது ஆழ்துளைத் தண்ணீர். அந்தச் சாலை நெடுக அந்தத் தண்ணீர்தான். சூடாக வரும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும், உப்பு அப்பிக்கொண்டு கெட்டிலைக் கெடுக்கும். அதில் இந்தப் பட்டையைக் காட்டினால் சிவந்துபோகும்.

பட்டை வெளிறியே இருந்தது. இரண்டாவது பட்டையும் அப்படியே.

"கோர்டன், இது குழாய்த் தண்ணி இல்ல. மழைத்தண்ணி!" அவள் குரல் நாலு மாதத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் உயர்ந்தது. "பொய் சொல்லியிருக்கான். ரோட்ஹவுஸ்ல அவன் ஊத்தவே இல்ல."

"அப்புறம் மழைத்தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

அவன் சாதாரணமாகத்தான் கேட்டான். கேட்டுவிட்டு உள்ளே போன் அடிக்கிறது என்று போய்விட்டான். திங்கட்கிழமைகளில் டாங்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, இருபத்தெட்டு லிட்டர் போல மிச்சம் இருக்கும். முப்பத்திரண்டரை பத்தொன்பதாக இறங்க வேண்டுமென்றால் அதில் எவ்வளவு தண்ணீர் சேர வேண்டும் என்று டெஸ்லி பெஞ்சின் தூசியில் விரலால் போட்டுப் பார்த்தாள். இருபது லிட்டர் வந்தது. ஒரு டப்பா.

கையைத் துடைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டை முடிக்காமல், மூன்றரைக்கே கிளம்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே கொட்டகைக்குப் போனாள். வெள்ளை டப்பாக்கள் சுவரோரம் வரிசையாக இருந்தன. ஆரஞ்சுக் கயிறு கட்டியவை ஆறு. ஏழு இருக்க வேண்டும். ஆட்புளூ டப்பாக்களை எண்ணினாள். விபத்து நடந்த மாதம் வாங்கியது நாலு. ஒன்றை அவள் ஊற்றியிருக்கிறாள், மூன்று இருக்க வேண்டும். நாலு இருந்தது. நாலிலும் மூடிக்கு அடியில் சீல் உடையவில்லை. மூலையில் ஒரு காலி டப்பா கிடந்தது, கைப்பிடியில் ஒன்றும் இல்லாமல். முகர்ந்து பார்த்தாள். யூரியா டப்பா எத்தனை கழுவினாலும் லேசாகக் கார நெடி அடிக்கும். இதில் மழைத்தண்ணீரின் தகர வாசனைதான் இருந்தது.

அன்றைக்கு மூடியைத் திருகியபோது சீல் உடைகிற சத்தம் கேட்டதா? ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நாய் காலைச் சுற்றியது. அவளுக்கு ஞாபகம் இல்லை. பத்து வருஷமாக ஊற்றுகிற கைக்கு ஞாபகம் எதற்கு?

ஏழாவது கயிறு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. கொட்டகை வாசலிலிருந்து பார்த்தாலே கேட்டு தெரியும். விபத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேட்டின் சங்கிலி அறுந்துபோனது. பக்கத்துப் பண்ணைக் காளைகள் உள்ளே வந்துவிடும் என்று, கைக்கு முதலில் அகப்பட்ட டப்பாவிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு ஓடினாள். காலையில் டப்பாவுக்கு வேறு கயிறு கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்ததுகூட இப்போது ஞாபகம் வந்தது. நாலு மாதமாகத் தினம் இரண்டு தரம் அதை அவிழ்த்துக் கட்டியிருக்கிறாள்.

மெர்வின் சமையலறையில் அதே நாற்காலியில் இருந்தான். அவள் காலி டப்பாவை மேசைமேல் வைத்தாள். அவன் டப்பாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், டீக்கோப்பையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டான்.

"எப்பத் தெரியும் ஒனக்கு?" என்றாள்.

"தண்ணின்னு ரோட்லயே தெரியும். வண்டிய ஒரு நிமிசம் நிறுத்தி, விரல்ல தொட்டுப் பாத்தேன். பிசுபிசுப்பே இல்ல, காஞ்சா வெள்ளையும் பூக்கல."

"நான்தான்னு?"

"ஆஸ்பத்திரியிலேருந்து கோர்டன் கொண்டாந்து விட்டான்ல? நான்தான் எறங்கிக் கேட்டத் தொறந்தேன். ஒரு கையால. ஆரஞ்சுக் கயிறு, ஒன் முடிச்சு."

"ஏன் மெர்வ் சொல்லல?"

"சொல்லி? வெளக்கு எரிஞ்சதப் பாத்தது நான். எண்பது கிலோமீட்டர் பாத்துக்கிட்டே ஓட்டுனது நான். அதுக்கு நடுவுல ஒன்னை எதுக்கு இழுக்கணும்?"

"ஊத்துனது நான்."

"கெளம்புறப்ப நான் மூடியத் தொறந்து பாத்திருக்கலாம். பாக்கல. பத்து வருசமா பாக்கல."

ஃப்ரிட்ஜ் உறுமி நின்றது. டெஸ்லி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"கடையில வச்சு ஷோனா ஒன்னைக் கேட்டாளே, ஞாபகம் இருக்கா?"

நெவிலின் மனைவி ஷோனா. ரொட்டிக் கடையில் எல்லோர் முன்னாலும், பத்து நிமிஷம் வரிசையில் நிற்க முடியவில்லையா உனக்கு என்று கேட்டாள். முடியலை என்றான் மெர்வின். அவள் ரொட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"இருக்கு," என்றான்.

"பத்து நிமிசத்துக்காகப் புருசன் போயிட்டான்னு நெனச்சிக்கிட்டு அவ தெனமும் எந்திரிக்கிறா, படுக்குறா. அது அப்படி இல்லன்னு அவளுக்குத் தெரிய வேணாமா?"

"தெரிஞ்சா நெவில் எந்திரிச்சு வந்துருவானா?"

"வர மாட்டான்."

"அப்புறம்?"

"நாளைக்கு நான் சொல்லப் போறேன்."

"நான் வேணாம்னு சொன்னா?"

"சொன்னா நடந்து போய்க்கோ. வண்டிய ஓட்டுறது நான்தான். லைசென்ஸ் எங்கிட்டதான் இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. ஆனாலும் வாயின் ஒரு ஓரம் அசைந்தது. டெஸ்லிக்கு அப்போதுதான் ஊசியின் மரப்பு விடத் தொடங்கின மாதிரி எங்கோ ஒரு குத்தல் எடுத்தது. நெவிலின் முகத்தை நினைத்துப் பார்த்தாள். பட்டறைக்கு டயர் மாற்ற வரும்போது, "டெஸ், கூடக் கொஞ்சம் காத்து அடி, கஞ்சத்தனம் பண்ணாத" என்பான். நான் கொன்றுவிட்டேன் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். அந்த வார்த்தைக்கு வலித்தது.

மறுநாள் காலையில் மெர்வின் கல்யாணத்துக்குப் போட்ட பேன்ட்டைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்து சீட்டில் ஏறினான். நாலு மாதத்தில் இளைத்து, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருந்தான். கேட்டுக்கு முன்னால் டெஸ்லி வண்டியை நிறுத்தினாள்.

அவன் இறங்கவில்லை.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இருவரும் கயிற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவள் தன் பக்கக் கதவுப்பிடியில் கை வைத்தபோது, "இரு" என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

அவள் வண்டியை வெளியே எடுத்து நிறுத்திக் கண்ணாடியில் பார்த்தாள். அவன் கேட்டைச் சாத்தினான். கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு பெல்ட்டை உருவி, கேட்டையும் கம்பத்தையும் சேர்த்துச் சுற்றி, கொக்கியை மாட்டினான். ஒரு கையில் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு வந்து ஏறி, கயிற்றை அவள் முன்னால் வைத்தான்.

"இதக் காட்டணும்ல," என்றான்.

"பேன்ட்டு?"

"புடிச்சுக்கிறேன்."

போக்குவரத்து ஆபீஸ் அறையில் ஒரு நீள மேசை, பின்னால் மூன்று அதிகாரிகள், எதிரே நாலைந்து நாற்காலி. ஓரத்து நாற்காலியில் ஷோனா உட்கார்ந்திருந்தாள், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. அவர்கள் வந்ததை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"மிஸ்டர் பாஸ்கோ, உங்க வாக்குமூலத்துல ஏதாவது மாத்தணுமா?" என்று நடுவில் இருந்த அதிகாரி கேட்டார்.

மெர்வின் பேன்ட்டைப் பிடித்தபடி எழுந்தான். அவன் வாய் திறக்குமுன் டெஸ்லி எழுந்துவிட்டாள்.

"அதுல தப்பு இருக்கு. நான் சொல்றேன்," என்றாள். சொல்லிவிட்டு அதிகாரியை விட்டுத் திரும்பி, ஷோனாவுக்கு முன்னால் போய் நின்றாள். கயிற்றை நீட்டினாள். "எங்க வீட்டுல தண்ணி டப்பாவுக்கு இதத்தான் கட்டுவோம். முந்தின நாள் இத அவுத்துக் கேட்டுல கட்டிட்டேன். காலையில பாக்காம, அந்தத் தண்ணிய டாங்க்ல ஊத்துனது நான். வரிசையில நிக்க முடியாம அவன் தண்ணி ஊத்தல, ஷோனா. அது நான்."

ஓர் அதிகாரி பேனாவை எடுத்தார், மறுபடி கீழே வைத்தார். ஷோனா கயிற்றைப் பார்த்தாள். திட்டுவாள், அறைவாள் என்று டெஸ்லி காத்து நின்றாள். அறைந்தால் நன்றாயிருக்கும் என்றே இருந்தது.

ஷோனா கையை நீட்டிக் கயிற்றின் நுனியைத் தொட்டாள்.

"எங்க வீட்டுல தண்ணி டப்பாவுக்குப் பச்சைக் கயிறு," என்றாள்.